மேகலா ஜெர்மனில் போட்ட காஞ்சிபுரம் திட்டம்

இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதெல்லாம் காலையில் கிளம்பி ஹாஸ்டல் கேட் மூடுவதற்குள் திரும்பிவிடக்கூடிய பயணங்கள்தான். காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். "சென்னையில் இருந்துகொண்டு காஞ்சிபுரம் பார்க்காத ஊர்சுற்றி நீ ஒருத்திதான்" என்று ஒருவர் பின்னூட்டத்தில் கிண்டல்கூட செய்திருந்தார். பொங்கல் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்தேன். ரயில், ஆட்டோ, இட்லி எல்லா விவரமும் இதில் இருக்கிறது. ஆனால் சந்தோஷமாகப் போன பயணம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ் நேரம் மட்டும் தேடி வந்தவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இந்தத் திட்டம் நான் போட்டது இல்லை. மேகலா போட்டது, அதுவும் ஜெர்மன் மொழியில்.

பல்கலைக்கழகத்தில் நான் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறேன், சொந்த ஊர் நாகர்கோவில். மேகலா இயற்பியல், சின்ன காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். இரண்டு பேருக்கும் ஜெர்மனிக்குப் போய் ஆராய்ச்சி செய்யும் ஆசை இருந்ததால் வாரம் மூன்று மாலை ஜெர்மன் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். நாங்கள் படித்தது பி1 என்கிற நடு நிலை. பெயர், வயது சொல்லும் கட்டம் தாண்டியாகிவிட்டது, பேப்பர் படித்துப் புரிந்துகொள்ளும் கட்டம் வரவில்லை. டிக்கெட் வாங்கலாம், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார் என்று புகார் செய்யலாம். நான் தமிழில் "வந்துட்டு இருக்கேன்" என்பேன், அவள் "வந்துக்கினு இருக்கேன்" என்பாள், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வோம். ஜெர்மனில் மட்டும்தான் இருவரும் ஒரே மாதிரி தப்பாகப் பேசினோம்.

பி1 வாய்மொழித் தேர்வுக்குத் தனியாகப் போக முடியாது. ஜோடியாகத்தான் உட்கார வேண்டும். முதல் பகுதியில் இருவரும் சேர்ந்து ஏதாவது ஒன்றைத் திட்டமிட வேண்டும்: எப்போது போவது, எப்படிப் போவது, என்ன எடுத்துப்போவது, யார் எந்த வேலையைப் பார்ப்பது. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் சொன்னதற்கு மற்றவர் உடனே சரி என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துபோகும், மார்க்கும் கிடைக்காது. மறுக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், வேறு யோசனை தர வேண்டும். எங்கள் ஜெர்மன் மேடம் ஆரம்பத்திலேயே தலையில் அடித்துக்கொண்டார். "தமிழ்ப் பிள்ளைகளே, விருந்துக்கு வந்தமாதிரி எல்லாத்துக்கும் தலையாட்டாதீங்க. சண்டை போடுங்க."

மேகலாவுக்கு யார் எதைச் சொன்னாலும் "நல்லா இருக்குது" என்றுதான் வாயில் வரும். எனக்கு முரண்டு பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே அவள் யோசனை சொல்வாள், நான் மறுப்பேன் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். பயிற்சிக்குத் தலைப்பு எப்போதும் "ஒரு நாள் சுற்றுலா". ஊர் எப்போதும் காஞ்சிபுரம், ஏனென்றால் அவளுக்கு வழி தெரியும், வார்த்தை தேட வேண்டாம். வாரக்கடைசியில் அவள் வீட்டுக்குப் போய்விடுவாள் என்பதால் போனிலேயே பயிற்சி செய்து, அதைப் பதிவுசெய்து வைத்தோம். அவள் குரலுக்குப் பின்னால் தறி ஓடும் சத்தம் கேட்கும். "என்ன, ஃபேக்டரியில இருந்து பேசறீங்களா?" என்பார் மேடம்.

தீபாவளி விடுமுறையில் மேகலாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. நான் நாகர்கோவிலில் இருந்தேன். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டிசம்பர் தேர்வை நான் எழுதவில்லை. வேறு ஜோடி தருகிறேன் என்றார் மேடம், எனக்கு மனம் வரவில்லை.

மார்கழிக் கடைசியில் ஒரு மத்தியானம் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் "மேகலா பி1" என்று இருந்தது. கையில் இருந்த சோற்றை உதறிவிட்டு எடுத்தேன். ஒரு நொடி நான் என்ன நினைத்தேன் என்பதை எழுத மாட்டேன்.

"ஜெனிதானேம்மா? நான் மேகலா அம்மா. நல்லா இருக்கியாம்மா?" என்றார். ஆமாம்மா என்று மட்டும் சொன்னேன். அவரே தொடர்ந்தார். "போன்ல அவ பேசினது நிறைய இருக்குதும்மா. போட்டோ ஆயிரம் இருக்குது, பேசறது இது மட்டும்தான். ஒண்ணுகூட தமிழ் இல்ல. தெனமும் போட்டுப் போட்டுக் கேக்கறேன், ஒண்ணும் புரியல. நீ ஒரு தபா வந்து, என் பொண்ணு இன்னா சொல்றான்னு சொல்லிட்டுப் போறியா?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வைத்த பிறகுதான் யோசித்தேன். அந்தப் பதிவுகளெல்லாம் என்னிடமும் இருக்கின்றன. அதில் பாதிக்கு மேல் குடை எடுக்கலாமா, சாப்பாடு யார் கட்டுவது என்கிற பேச்சு. அதுகூடப் பரவாயில்லை. ஒன்று மட்டும் அவள் தனியாகப் பேசிப் பதிவு செய்தது, தேர்வின் இரண்டாம் பகுதிக்கான சிறு உரை. "வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருடன் வசிக்கலாமா?" என்று தலைப்பு. சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்பது விதி. மேகலா சொந்த அனுபவத்தைத்தான் சொல்லியிருந்தாள், அம்மாவைப் பற்றி, அம்மாவுக்குப் புரியாது என்கிற தைரியத்தில். அதை அந்த அம்மாவிடம் நான் எப்படிச் சொல்வேன்?

என் அம்மாவுக்குப் போன் செய்து, இப்படிப் போகிறேன் என்றேன். "துக்கம் கேக்கப் போறேல்லா, கையில ஒண்ணும் கொண்டு போவாத. அங்க தண்ணிகூடக் கேக்காத. கெளம்பும்போ 'போயிட்டு வாறேன்'னு மட்டும் சொல்லீராத, பேசாம எந்திரிச்சு வந்துரு" என்றாள். துக்க வீட்டில் வருகிறேன் என்று சொல்லி விடைபெறக்கூடாது. மறுபடியும் அப்படி ஒரு காரியத்துக்கு வருவேன் என்று சொன்னமாதிரி ஆகிவிடுமாம். உங்கள் வீடுகளிலும் சொல்லியிருப்பார்கள்.

சரி, பயணம். பதிவுகளில் மேகலா சொன்ன எல்லாவற்றையும் செய்வது, நான் மறுத்த எதையும் கணக்கில் எடுக்காமல் விடுவது என்று தீர்மானித்தேன். அவள் விடிகாலை ரயில் என்றாள், நான் தூக்கம் கெடும் என்றிருந்தேன். அவள் குடை என்றாள், வெயில்தானே அடிக்கிறது என்றிருந்தேன். ஆகவே மழைக்கான அறிகுறியே இல்லாத தை மாத விடியலில், கையில் நீளக் குடையோடு தாம்பரம் நான்காவது பிளாட்பாரத்தில் நின்றேன். பக்கத்தில் இருந்தவர் வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

ரயில் 6.50க்கு, டிக்கெட் இருபது ரூபாய். ஞாயிறு காலையில் உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கும். செங்கல்பட்டு வருவதற்குச் சற்று முன் பெரிய ஏரி ஒன்று தண்டவாளத்தை ஒட்டியே வரும், அப்போது போனைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். செங்கல்பட்டில் கொஞ்ச நேரம் நிற்கும், டீ பதினைந்து ரூபாய், சுமார். அங்கிருந்து காஞ்சிபுரம் முப்பத்தைந்து கிலோமீட்டர் போல. பாலூர் தாண்டினால் நெல் வயல்கள், பிறகு பாலாறு. ஆறு முழுக்க மணல், நடுவில் ஒரு ஓடை அளவுக்குத் தண்ணீர்.

ரயிலில் இரண்டு காரியம் செய்துபார்த்தேன். ஒன்று, "உங்கள் மகளுக்காக வருந்துகிறேன்" என்பதை ஜெர்மனில் சொல்வது. வரவில்லை. எங்கள் பாடப்புத்தகத்தில் பிறந்தநாள் வாழ்த்து இருக்கிறது, கல்யாண வாழ்த்து இருக்கிறது, வர முடியாததற்கு வருத்தம் தெரிவிக்கும் கடிதம் இருக்கிறது. செத்தவர் வீட்டில் என்ன பேசுவது என்று நடு நிலையில் சொல்லித்தருவதில்லை. தமிழிலும் எனக்கு அது தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது, அந்த உரையை என்ன செய்வது என்று யோசித்தது. வாலாஜாபாத் ஸ்டேஷனில் அரிசி மூட்டையோடு ஒரு குடும்பம் ஏறியது. அம்மாவும் மகளும் மூட்டையை எங்கே வைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே, பொய் சொல்லிவிடுவது என்று முடிவுக்கு வந்தேன். பெற்றோருடன் இருப்பதே நல்லது என்று பேசியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? ஜெர்மன் தெரிந்த ஆள் அந்த வீட்டில் நான் மட்டும்தானே.

காஞ்சிபுரத்தில் இறங்கும்போது 8.35. ஸ்டேஷனில் இருந்து வரதராஜப் பெருமாள் கோயில் நான்கு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆட்டோக்காரர் நூற்றைம்பதில் ஆரம்பித்தார், நூற்றிருபதில் நின்றார். வழியில், "எங்கிருந்து வர்றமா, எதுக்கு குடை?" என்று விசாரித்தார். ஜெர்மன் படிக்கிறேன் என்று சொன்னதும் கண்ணாடியில் முகம் மலர்ந்தது.

"குட்டன் மார்கன்! நம்ம வண்டியில நிறைய ஜெர்மன்காரங்க வருவாங்கமா. ரெண்டு மூணு வார்த்தை வெச்சிருக்கேன். அப்புடியே ஒரு சில்க் ஹவுஸ் காட்டட்டுமா? வாங்க வேணாம், சும்மா பாரு."

"இல்லண்ணா, வீட்டுக்குப் போறேன். ஃப்ரெண்டு வீடு."

"ஃப்ரெண்டு இருக்குதா? அப்ப அந்தப் பொண்ணே தறியிலேயே காட்டிடும். நமக்கு கமிஷன் போச்சு" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். கடைக்குக் கூட்டிப்போக இப்படிக் கேட்பார்கள், வேண்டாம் என்றால் வற்புறுத்துவதில்லை.

திட்டப்படி முதலில் கோயில். நூற்றுக்கால் மண்டபத்தின் மூலையில் தொங்கும் கல் சங்கிலியைப் பற்றி மேகலா பதிவில் மூச்சு விடாமல் சொல்லுவாள். ஒரே கல்லில் செதுக்கியது, ஜெர்மன்காரர்கள் வந்தால் அதைத்தான் நின்று பார்ப்பார்கள், நாமும் பார்க்கலாம் என்று. நான் அதற்கு, எனக்குக் கல்லில் ஆர்வம் இல்லை, கடைகளைப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். எனக்குக் கல்லில் ஆர்வம் உண்டு. அரைமணி நேரம் அதன் கீழேயே நின்றேன். பிறகு கோயில் இட்லி: மந்தார இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைத்தது, மிளகும் சுக்கும் தூக்கலாக இருக்கும், நாற்பது ரூபாய்க்கு ஒரு துண்டு. ஒரு ஆளுக்குத் தாராளம். காபி இருபத்தைந்து. சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன், துக்க வீட்டில் தண்ணீர்கூடக் கேட்கக்கூடாதே.

மேகலா வீடு கோயிலில் இருந்து பத்து நிமிட நடை. தெருவுக்குள் நுழைந்ததும் தறிச் சத்தம் கேட்டது. பதிவுகளில் அவள் குரலுக்குப் பின்னால் கேட்கும் அதே சத்தம். இத்தனை மாதம் போன் வழியாக அந்த வீட்டுக்குள் இருந்திருக்கிறேன் என்று தோன்றியது.

முன் கூடத்தில் அப்பா தறியில் இருந்தார். என்னைப் பார்த்து எழப்போனார், வேண்டாம் என்று கை காட்டினேன். அம்மா உள்ளே ராட்டையில் பட்டு இழை சுற்றிக்கொண்டிருந்தவர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே உள்ளே கூட்டிப்போனார். அவள் படத்துக்கு மாலை போட்டு, கீழே ஒரு சின்னப் பலகையில் போனை வைத்திருந்தார்கள். சார்ஜர் வயர் செருகியே இருந்தது.

"எடுக்கறதே இல்லமா. சார்ஜ் எறங்கினா எனக்கு பயமா இருக்குது" என்றார் அம்மா.

பாயில் உட்கார்ந்தோம். அவர் முதல் பதிவைப் போட்டார். மேகலாவின் குரல் வந்தது. உடனே தறி நின்றது, அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டார். ஆனாலும் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது பதிவில் இருந்தது. "அது அவருதான். அன்னிக்கு நெய்ஞ்சிக்கினு இருந்தாரு" என்று அம்மா மெதுவாகச் சொன்னார்.

ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். டிக்கெட் யார் வாங்குவது என்று கேட்கிறாள். நானே வாங்குகிறேன் என்கிறாள். "துட்டு கையில நிக்காது அவளுக்கு" என்றார் அம்மா. சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம், புளிச்சோறு கெடாது என்கிறாள். "புளிச்சோறா? வூட்ல செஞ்சா தொட மாட்டாளே!" ஜெர்மனில் புளிச்சோறு என்பதற்கு வார்த்தை தெரியாமல் அவள் புளிச்சோறு என்றே சொல்லியிருந்தாள். அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை, அதுவும் வேகத்தில் இத்தனை நாள் காதில் விழாமல் போயிருக்கிறது. மறுபடியும் போடச் சொன்னார். மறுபடியும். அந்த ஒரு வார்த்தைக்காக நான்கைந்து தடவை கேட்டோம்.

பிறகு நான் பயந்தது வந்தது. "இது ஒண்ணு மட்டும் அவ தனியா பேசறா. நீ இல்ல இதுல" என்று சொல்லி அந்த உரையைப் போட்டார்.

முடியும்வரை காத்திருந்தேன். பிறகு ரயிலில் தயார் செய்துவைத்ததைச் சொன்னேன். அம்மா அப்பாவோடு இருப்பதுதான் நல்லது, அவர்கள் அன்பு வேறு எங்கும் கிடைக்காது, வீட்டில் எல்லாரும் பிரியமாக இருக்கிறார்கள் என்கிறாள், என்றேன். பாடப்புத்தகத்தைப் படிப்பதுபோல ஒப்பித்தேன்.

அம்மா என்னையே பார்த்தார். "ஜெனி, நான் இவளைப் பெத்தவ. பாஷைதான்மா தெரியாது. இவ கொஞ்சறப்ப இந்தக் கொரலு வராது. இது என்கிட்ட சண்டை போடற கொரலு. இன்னா சொல்றா, சொல்லு."

"அம்மா, அது பரீட்சைக்காக..."

"சொல்லும்மா."

தறியில் இருந்து அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன், மேகலாவின் பி1 வாக்கியங்களை அப்படியே, சின்னச் சின்னதாக. எனக்கு இருபத்திரண்டு வயது. எனக்குத் தனி அறை இல்லை, நான் தறிக்குப் பக்கத்தில் தூங்குகிறேன். என் அம்மா என் போனைப் பார்க்கிறார். யாரிடம் பேசுகிறாய் என்று ஐந்து தடவை கேட்கிறார். நான் குளிக்கும்போதும் கதவைத் தட்டுகிறார். நான் ஒல்லியாக இருக்கிறேன் என்று என் தோழிகளிடம் போன் செய்து புகார் சொல்கிறார். பெற்றோருடன் வசிப்பதில் நன்மையும் உண்டு, வாடகை இல்லை. ஆனால் எனக்கு ஒரு சாவி வேண்டும். என் சொந்தக் கதவுக்கு என் சொந்தச் சாவி. கவனித்துக் கேட்டதற்கு நன்றி.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்று நினைத்து நிமிர்ந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீரோடு சிரித்தார்.

"கதவத் தட்டறேனாம்! மோட்டாரப் போட்டுட்டு தண்ணி தீர்ற வரைக்கும் குளிச்சா தட்டாம இன்னா பண்ணுவாங்க?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வர்றவங்க போறவங்க எல்லாம் தங்கமான பொண்ணு, அதிர்ந்து பேசாது, பெத்தவங்கள எதிர்த்து ஒரு வார்த்த சொல்லாதுன்னு சொல்லிக்கினே இருக்காங்கமா. யாரச் சொல்றாங்கன்னே எனக்குத் தெரியல. என் பொண்ணக் காணோம், காணோம்னு இருந்திச்சு. இதோ இருக்கறா பாரு. இந்த வாயிதான். இவதான் என் பொண்ணு."

அப்பா அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. "சாவியா கேட்டா?" என்றார். "நம்ம வூட்டுக்கு பூட்டே கெடையாதேம்மா. எந்நேரமும் ஆளு இருக்குற வூடு." சொல்லிவிட்டு வாசல் கதவைப் பார்த்தார். ஒரு தாழ்ப்பாள் மட்டும் இருந்தது. அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொய்யே சொல்லியிருக்கலாமோ என்று அந்த முகத்தைப் பார்த்தபோது தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

அம்மா மட்டும் விடவில்லை. தெம்பு வந்தவர்போல மீதி இருந்த பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டார். எல்லாம் நாங்கள் இருவரும் பேசியவை. நாலைந்து முடிந்ததும் நிறுத்தினார்.

"ஏம்மா, 'நைன்'னா இல்லன்னுதானே? அவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா. சோறு போடட்டுமான்னா நைன்னு சொல்லிட்டு ஓடுவா."

"ஆமா அம்மா, இல்லன்னுதான் அர்த்தம்."

"எல்லாத்துலயும் அவ ஒண்ணு கேக்கறா, நீ நைன் நைன்னே சொல்லிக்கினு இருக்கறியே. இன்னாதான் கேக்கறா உன்ன?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எத்தனையோ தடவை கேட்ட பதிவுகள்தான். பயிற்சி, மார்க், பரீட்சை என்றே கேட்டுப் பழகியிருந்தேன். இந்த வீட்டுப் பாயில் உட்கார்ந்து, தமிழில் சொல்லப்போனபோதுதான் அது என்ன என்று எனக்கே தெரிந்தது.

"காஞ்சிபுரம் வரச் சொல்றா அம்மா" என்றேன். "எங்க ஊருக்கு வா, ஞாயித்துக்கிழம வா, எங்க அம்மாவப் பாக்கலாம்னு கூப்பிடறா. நான் வேல இருக்கு, முடியாதுன்னு சொல்றேன்."

மறுக்கச் சொன்னது மேடம், மறுப்பது என்று பிரித்துக்கொண்டது நாங்கள் இருவரும், இதில் யார்மேலும் தப்பு இல்லை. எனக்கு அது தெரியும். ஆனால் கூப்பிட்டதெல்லாம் ஜெர்மனிலேயே நடந்துவிட்டது. தமிழில் ஒரு தடவை, "ஏய், நிஜமாவே ஒரு நாள் போவோமா?" என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பரீட்சை முடியட்டும் என்று இருவருமே நினைத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் நான் உடைந்துவிட்டேன். துக்கம் கேட்கப் போனவள், துக்க வீட்டுக்காரர் தோளில் சாய்ந்து அழுதேன்.

அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் கண் வாசலோரம் சாத்தியிருந்த குடைக்குப் போனது. "அந்தக் கொட எதுக்குமா எடுத்துக்கினு வந்த? மழையே இல்லயே."

"அவதான் எடுத்துக்கிட்டு வரச் சொன்னா."

அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். புளி கரைக்கும் வாசனை வந்தது. "எங்க அம்மா ஒண்ணும் சாப்பிடக்கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தேன். காதிலேயே வாங்கவில்லை. அப்பாவும் கையைக் கழுவிக்கொண்டு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார். மூன்று பேரும் புளிச்சோறும் அப்பளமும் சாப்பிட்டோம். வேர்க்கடலை நிறையப் போட்டிருந்தார். மேகலா அதைத் தொட மாட்டாள் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

மூன்று மணிக்குக் கிளம்பினேன். திட்டப்படி பிற்பகலில் வாலாஜாபாத் பக்கம் இருக்கும் தென்னேரிக்குப் போய் ஏரிக்கரையில் உட்கார வேண்டும். எனக்கு அதற்குமேல் தெம்பு இல்லை. என் அம்மா சொன்னது ஞாபகம் இருந்ததால் ஒன்றும் சொல்லாமல் எழுந்தேன். படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கினேன். நாலு வீடு தாண்டியிருப்பேன்.

"ஜெனி!"

அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுத் தறிகூட ஒரு நிமிடம் நின்றது. "இன்னா, சொல்லாமக் கொள்ளாம போற?"

"துக்க வீட்டுல சொல்லிக்கக் கூடாதுன்னு எங்க அம்மா..."

"துக்கத்துக்கு வந்தவங்கதான் சொல்லக்கூடாது. உன்ன என் பொண்ணு கூப்ட்டிருக்கறா. அத்தினி தபா கூப்ட்டிருக்கறா. நீ விருந்தாடி" என்றார். அவர் குரல் உடைந்தது, ஆனால் விடவில்லை. "வரேன்னு சொல்லிட்டுப் போ."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. "போயிட்டு வரேன் அம்மா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, இன்னொரு தடவையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "தென்னேரி பாக்கி இருக்குது. அடுத்த தபா நானும் வரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தறி மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

இனி, போகப்போகிறவர்களுக்கு. சின்ன காஞ்சிபுரத்தில் இருந்து பேருந்து நிலையத்துக்கு டவுன் பஸ் அடிக்கடி உண்டு, பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கிருந்து தாம்பரம் பஸ் அறுபத்தைந்து ரூபாய், ஞாயிறு மாலையில் இரண்டு மணி நேரம் ஆகிறது. ரயில் நேரங்கள் மாறும், கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கோயில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். இட்லிக்குச் சட்னி கேட்காதீர்கள், ஒரு மாதிரி பார்ப்பார்கள். மொத்தச் செலவு முந்நூறு ரூபாய்க்குள். குடை தேவையில்லை.

மொழி படிக்கிற பிள்ளைகள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று தெரியும், உங்களுக்கும் ஒன்று. ஜோடியோடு பயிற்சி செய்யும்போது மேடம் சொன்னபடியே மறுங்கள், காரணம் சொல்லுங்கள், மார்க் வாங்குங்கள். முடித்ததும் போனை வைத்துவிடாமல், உன் ஊருக்கு நிஜமாகவே எப்போது போகலாம் என்று தமிழில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

அடுத்த தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். புது ஜோடி ஆரணிப் பையன், நன்றாகப் பேசுகிறான். நேற்று முதல் பயிற்சி. எங்கள் ஊர் ஆரணிக்கு ஒரு நாள் சுற்றுலா போகலாமா என்று ஆரம்பித்தான். நான் மறுக்க வேண்டிய இடம். மேடம் பேனாவோடு காத்திருந்தார். நான் "யா", சரி, என்று சொல்லிவிட்டு, எப்போது என்று கேட்டேன்.